வெள்ளக்கோடு

ஜூன் 9, திங்கள்

ஏரித் திட்டத்துக்காரர்கள் இன்று எங்கள் மதகுத் தெருவில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நெடுங்கரை ஏரியைத் தூர்வாரி, கரையோரம் சம்பும் கோரையும் நட்டு, சாக்கடைத் தண்ணீரை அந்த வேர்களை வைத்தே வடிகட்டப் போகிறார்களாம். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் சதுப்பு ஒன்றும் வெட்டப் போகிறார்கள். சிமெண்டுக் கால்வாய் செய்யாததைப் புல் செய்யும் என்று நிலானி மேடம் சொன்னார். சின்ன வயசு. ஆனால் பேச்சில் தடுமாற்றமே இல்லை.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். தெருவில் நாற்பத்திரண்டு வீடு. உயர்ந்த கை என் கை ஒன்றுதான்.

"எதுவரைக்கும் படிச்சீங்கம்மா?"

"அஞ்சாங்கிளாஸு. வாத்தியார் வராத நாள்ல நான்தான் பாடம் நடத்துவேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டுத் தேசம்மா மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, "கை தூக்குறதுல சாலாட்சிய மிஞ்ச ஆளே கிடையாது" என்றாள். அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு தொப்பி, கழுத்தில் மாட்டும் அட்டை, இந்த டைரி, மூன்றும் கொடுத்தார்கள். ஏரிக்குள் ஒரு அளவுப் பலகை நட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துத் தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. டைரி எனக்கே எனக்கு. மனசில் பட்டதை எழுதுங்கள் என்றார் மேடம்.

ஜூன் 10, செவ்வாய்

பலகையில் 0.6 மீட்டர் என்று இருக்கிறது. என் கணக்கில் அது இரண்டடி. அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன். மருமகள் கோமளா, "தொப்பி போட்டதும் அத்தைக்குச் சமையக்கட்டு மறந்து போச்சு" என்று முணுமுணுத்தாள். முணுமுணுப்பது தெரு முனை வரைக்கும் கேட்கும்.

ஜூன் 26, வியாழன்

மூன்று நாளாகச் சம்பு நடுகிறோம். முட்டிவரை சேற்றில் நின்று நட்டதில் இடுப்பு விட்டுப் போச்சு. மண்ணைத் தொட்டுப் பார்த்து இங்கே சம்பு பிடிக்காது, வெட்டிவேர் வையுங்கள் என்று சொன்னேன். மேடம் அப்படியே செய்தார். படித்த பெண், என் பேச்சைக் கேட்டு, பத்து ஆட்களை இடம் மாற்றி நிற்க வைத்தார். பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பார்த்துவிட்டு, "ஆயா, நீ இஞ்சினியரா?" என்றாள். ஆறாவது படிக்கிறாள். எனக்கு மேலே ஒரு கிளாஸ்.

நாமக்கோழி இரண்டு வந்திருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

இன்று வெள்ள நடை. பத்து வருஷத்துக்கு முந்தின பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருப் பெரியவர்களோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது. முக்காலியில் மெஷின் வைத்துக்கொண்டு சர்வே ஆட்கள் இரண்டு பேர். ஏரி எவ்வளவு விரியும் என்று தெரிந்தால்தான் சதுப்பை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்று கணக்குப் போட முடியுமாம்.

அந்த வெள்ளத்துக்கு முந்தின சாயங்காலமே போலீஸ் மைக்கில் சொல்லி எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டது. போகாமல் தங்கியது ஏரிப் பக்கத்து முதல் இரண்டு வீடு. எங்கள் வீடும் தேசம்மா வீடும். மற்றவர்கள் மூன்று நாள் கழித்து வந்து சேறு அள்ளினார்கள். அவர்கள் என்ன கண்டார்கள்?

கைப்பம்பு கிட்டே வந்ததும் தேசம்மா நின்றுவிட்டாள். "இதோ, இங்கதான். பம்பு மேடை நனைஞ்சுது. எங்க ரெண்டு வூட்டுலயும் முட்டி வரைக்கும். அவ்ளோதான்" என்றாள்.

தர்ஷினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல மேடம். கழுத்து வரைக்கும் தண்ணி. நான் ஒரு வயசுப் பாப்பா. எங்க ஆயா என்னைத் தலைமேல வச்சுத் தூக்கினு போச்சு. சொல்லு ஆயா."

மேடம் என்னைப் பார்த்தார். சர்வே ஆட்கள் பார்த்தார்கள். நான் மேலே நடந்தேன். தெருவின் மேல்கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயில் படியில் போய்க் காலை வைத்தேன். "இந்தப் படி" என்றேன்.

தேசம்மா எங்களோடு மேலே வரவில்லை. அங்கேயே பம்பு மேடையில் உட்கார்ந்துகொண்டாள்.

படியில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டார்கள். தாளில் மற்ற இரண்டு கிழவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சா.விசாலாட்சி. எழுத்துக் கூட்டாமல், ஒரே ஓட்டத்தில்.

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் இரண்டடி. நான் சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி ஞாயிறு. கூழ் ஊற்றினோம். ஏரிக்கரையில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் என் படம், தொப்பியோடு. கீழே கொட்டை எழுத்தில், கழுத்தளவு வெள்ளத்தில் பேத்தியைச் சுமந்தவர், இந்த ஏரியின் கதை அறிந்தவர் என்று போட்டிருக்கிறது. காலையில் நடக்க வரும் அடுக்குமாடிக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். தர்ஷினி தன் வகுப்பையே அழைத்து வந்து காட்டினாள்.

தேசம்மாவுக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டு போனேன். வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெயிண்ட் டப்பாவோடு வேறு ஆட்கள் வந்தார்கள். திட்டத்து ஆட்கள் இல்லை, தாலுகா ஆபீஸ் ஆட்கள். ஏரிப் பக்கத்திலிருந்து எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீடு 1. தேசம்மா வீடு 2. அப்படியே போய்ப் பிள்ளையார் கோயிலுக்கு முந்தின வீடு 42. என்னப்பா இது என்று கேட்டதற்கு, கணக்கெடுப்பு ஆயா என்றான் ஒருவன். சுவரில் சொட்டு வடிந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன், போகவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

நோட்டீஸ் வந்துவிட்டது. தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் கொண்டு வந்தார்கள், படித்துச் சொல்லு என்று. உரக்கப் படித்தேன். நீர்நிலையின் உச்ச வெள்ளக்கோட்டுக்கு உட்பட்ட ஆக்கிரமிப்புகள் என்று இருந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் ஆட்சேபணை சொல்லலாம். சொல்லாவிட்டால் ஊருக்கு வெளியே முப்பத்திரண்டு கிலோமீட்டரில் அடுக்குக் குடியிருப்பு. யார் யாருக்கு எத்தனாவது மாடி என்றுகூட அச்சடித்திருந்தது.

நாற்பத்திரண்டு பெயரையும் படித்தேன். முப்பதாவது பெயரில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நிலானி மேடம் வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்தக் கோடு சதுப்புக்குத்தாம்மா போட்டோம். மேப்பைத் தாலுகா ஆபீசுக்குக் குடுக்கணும்னு விதி. அவங்க இதுக்கு எடுத்துப்பாங்கன்னு நான் நெனைக்கல" என்றார்.

"பம்பு வரைக்கும்தான் கோடுன்னு இருந்திருந்தா?" என்று கோமளா கேட்டாள்.

"நாலு வீடு வந்திருக்கும். மத்ததெல்லாம் தப்பிச்சிருக்கும்."

மேடம் அழுதார். அவரை என்ன சொல்வது? டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 11, வியாழன்

தேசம்மா மத்தியானம் வந்தாள். கோமளா வேலைக்குப் போயிருந்தாள், தர்ஷினி பள்ளிக்கூடம். அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"இந்தாடி சாலாட்சி. வர்ற வியாழக்கிழம விசாரணை. முட்டி வரைக்கும்தான்னு சொல்லிடு. நம்ம நாலு வூடு போவட்டும். மத்த முப்பத்தெட்டும் பொழைக்கட்டும்."

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அது மட்டும் சொல்லு போதும். மத்தத நான் பத்து வருசமா யார்கிட்டயாச்சும் சொன்னேனா? இனிமேயும் சொல்லமாட்டேன். என் புள்ளைங்க மேல ஆணை."

"எந்த மத்தத?" என்றேன்.

அவள் எழுந்துகொண்டாள். "சரி. எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கு மேல் இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கடைசி வீட்டு ஏழுமலை என் காலைத் தொட்டான். ஐம்பது வயது ஆள். "ஆயா, நீ சத்தியவதின்னு எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பொய் சொல்லு. முட்டித் தண்ணின்னு ஒரு பொய். முப்பத்தெட்டுக் குடும்பம் ஆயா. சாமி மன்னிச்சிடும்."

"எங்க ஆயா பொய் சொல்லமாட்டாங்க" என்றாள் தர்ஷினி.

"நீ சும்மா இரு பாப்பா" என்று யாரோ அதட்டினார்கள். தர்ஷினி, வாசலில் உட்கார்ந்திருந்த என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

யோசிக்கிறேன் என்றேன். பொய் சொல்லத்தானே கேட்கிறார்கள்! தேசம்மா கூட்டத்தில் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

விசாரணை. தாலுகா ஆபீஸ் மாடியில் ஃபேன் ஓடவில்லை. கட்டாந்தரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தர்ஷினிக்கு லீவு போட்டு அழைத்து வந்திருந்தாள் கோமளா, சின்னப் பிள்ளையைப் பார்த்தால் இரங்குவார்கள் என்று.

முதலில் தேசம்மா சொன்னாள். பம்பு, முட்டி. ஆபீசர் எழுதிக்கொள்ளவே இல்லை. "உங்க வீடு நம்பர் ரெண்டு. நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றார். அதற்கும் தேசம்மா, "என் வூடு எப்புடியும் போவும் சார், நான் எனக்காகச் சொல்லல" என்றாள். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்து இருந்த தாளைக் காட்டி, இது நீங்கள் போட்டதா என்றார். ஆமாம் என்றேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தண்ணீர் எதுவரை வந்தது என்றார்.

பின்னால் நாற்பது குடும்பம். பக்கத்தில் தர்ஷினி, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு.

"கழுத்து வரைக்கும்" என்றேன். "நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஆபீசர் எழுந்து கும்பிட்டார். "தன் வீடே போகும்னு தெரிஞ்சும் உண்மை பேசுற ஒரு அம்மாவ இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எங்களோடு யாரும் ஏறவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அளவு பார்க்கப் போகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

தெருவில் என்னை 'அரிச்சந்திரன் பொண்டாட்டி' என்கிறார்கள். தண்ணீர் லாரியில் என் குடத்தை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அது பரவாயில்லை. தர்ஷினி மட்டும் தலை நிமிர்ந்து நடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உண்மை பேசுவது பற்றிக் கட்டுரை எழுதி என்னைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருக்கிறாள். படித்துக் காட்டினாள். நடுவில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று விடியற்காலை. லாரி ஓட்டும் என் மகன் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான். கோமளாவுக்கு ராத்திரி ஷிப்ட். பிள்ளை தூளியில். நான் பாயில். கால் ஜில்லென்றது, விழித்தேன். அறைக்குள் தண்ணீர். இருட்டு. ஏரி உடைந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடினேன். ரேஷன் கடை மாடிப்படி ஏறி மேலே போய் நின்ற பிறகுதான் தூளி ஞாபகம் வந்தது. இறங்க முடியவில்லை. கால் வரவில்லை. முட்டித் தண்ணீர்தான். தெரிந்தும் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து கத்தினேன். தேசம்மாதான் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். என் மடியில் போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் தண்ணீர் வடிந்த பிறகு கோமளா தலைதெறிக்க ஓடிவந்து பிள்ளையை என் மடியில் பார்த்து என் காலில் விழுந்தாள். எப்படி அத்தை தூக்கினு வந்தீங்க என்றாள். நான் இல்லை என்று சொல்ல ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடி போய்விட்டது. தண்ணீர் அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. முதலில் இடுப்பு. பிறகு நெஞ்சு. தர்ஷினிக்குக் கதை கேட்கும் வயசு வந்தபோது கழுத்து.

அக்டோபர் 8, புதன்

தனியாகத் தாலுகா ஆபீஸ் போனேன். நானே என் கையால் ஒரு மனு எழுதியிருந்தேன். பெருவெள்ளத்தில் முட்டியளவு மட்டுமே தண்ணீர் வந்தது, முன்பு தவறாகச் சொல்லிவிட்டேன், கோட்டைப் பம்பு மேடைக்கு மாற்ற வேண்டும். எழுத்துப் பிழை இருக்கக்கூடாது என்று நான்கு முறை எழுதினேன்.

ஆபீசருக்கு என்னை ஞாபகம் இருந்தது. நாற்காலி போடச் சொன்னார். படித்தார். முகம் மாறிவிட்டது.

"யாரும்மா உங்கள மிரட்டுனது?"

"யாரும் இல்ல சார். இதுதான் நிஜம்."

"அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி தைரியமா சொன்னீங்க. இப்ப தெருக்காரங்க தண்ணி புடிக்க விடல, அதானே? எனக்குத் தெரியும்மா. உங்களுக்குப் போலீஸ் பாதுகாப்பு வேணும்னா சொல்லுங்க."

"என் வூடு எப்புடியும் போவும் சார். நான் எனக்காகச் சொல்லல."

சொல்லும்போதே இது தேசம்மா சொன்ன வார்த்தை என்று தெரிந்தது. இந்தத் தடவை சிரிக்க ஆளில்லை. கோப்பு கலெக்டர் ஆபீசுக்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்றார். மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவர் நல்ல மனுஷன். என்னை மாதிரி ஆள் பொய் சொல்வாள் என்று அவரால் நம்ப முடியவில்லை.

பஸ்ஸில் மனுவைக் கிழித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. தெருவில் யாரும் வைக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

லாரிகள் வந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். கட்டிலின் கால் வாசல் நிலையில் இடித்து ஒடிந்தது. ஏழுமலை தன் வீட்டு ஜன்னலைக் கழற்றி எடுத்துக்கொண்டான், அங்கே ஜன்னல் இருக்காதா என்று கேட்டேன், அதை லாரியில் ஏற்றப் போய்விட்டான். எங்களுக்கு ஒன்பதாவது பிளாக் எட்டாவது மாடி. தேசம்மாவுக்கு மூன்றாவது பிளாக், ஏழாவது மாடி. அவளுக்கு முட்டி வலி. லிப்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

லாரி கிளம்பும்போது பொக்லைன் இயந்திரம் முதல் வீட்டில் ஆரம்பித்தது. எண் 1.

நவம்பர் 24, திங்கள்

நான்கு நாளாகப் பேய் மழை. நிலானி மேடம் போன் செய்தார். "சதுப்பு முழுசும் குடிச்சிடுச்சும்மா. நீங்க வெட்டிவேர் வைக்கச் சொன்ன எடம் கரையவே இல்ல. தண்ணி பம்பு மேடையக்கூடத் தொடல. தெருவுக்குள்ள ஒரு சொட்டு வரல" என்றார்.

தெரு எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். நல்லதும்மா என்றேன்.

டிசம்பர் 3, புதன்

தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உதடு கிழிந்திருந்தது. சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. ஏழுமலை பேத்தியோடு சண்டை. 'உங்க ஆயாவாலதான் எங்க வூடு போச்சு, ஒரு பொய் சொல்லத் தெரியாதா' என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். 'எங்க ஆயா உனக்காகல்லாம் பொய் சொல்லாது' என்று இவள் அடித்திருக்கிறாள்.

கோமளா அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் தர்ஷினியின் உதட்டை ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முட்டித் தண்ணீர் என்று சொன்னேன். மாடிப்படி சொன்னேன். தூளி சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த துணியை விலக்கினாள்.

"அப்ப என்னைத் தூக்கினது?"

"தேசம்மா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. தர்ஷினி என் கைகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"நீ வெறுங்கையோடவா ஓடினே?"

"இல்ல."

"இன்னா தூக்கினே ஆயா?"

"பெட்டி."

"பெட்டியில இன்னா இருந்துச்சு?"

"புடவைங்க. ரேஷன் கார்டு. ஒரு வெள்ளி டம்ளர்."

கோமளா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தர்ஷினி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். எட்டு மாடியும் அவள் செருப்புச் சத்தம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு தேசம்மா இருக்கும் மூன்றாவது பிளாக்கைப் பார்த்து நடந்தாள்.

திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.